ஆள் புழங்கும் அறை

ஜூன் 2, திங்கள்

இந்த டைரி போன வருஷத்தது. தேதி சரி, கிழமை தப்பு. அதனால் கிழமையை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். முதல் பக்கத்தில் 'முனைவர் கி. கருணாகரன், இயந்திரவியல்' என்று அச்சடித்த சீட்டு ஒட்டியிருக்கிறது. வாங்கிக்கொள்ள அவர் வரவே இல்லையாம். "நீயே வெச்சுக்கம்மா" என்று சூப்பிரண்டு நல்லதம்பி சார் கொடுத்தார்.

அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டதால் இன்றிலிருந்து அவளுக்குப் பதிலாக நான் கல்லூரிக்கு வேலைக்கு வருகிறேன். மாணவர்களுக்கு ஜூலையில்தான் திறப்பு. அதற்கு முன்னால் முப்பதாம் தேதி, விடுமுறை முடிந்து வரும் பேராசிரியர்களை வரவேற்க ஒரு விழா. அன்றைக்குப் பல்கலைக்கழகக் குழுவும் வந்து, எத்தனை பேராசிரியர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்குமாம்.

எனக்கு இரண்டாவது மாடி. 201 முதல் 211 வரை பதினொரு அறை. எல்லாக் கதவிலும் பெயர்ப் பலகை. உள்ளே தூசி.

"இவங்கள்லாம் எப்ப சார் வருவாங்க?" என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை. என் குரல் அப்படித்தான். இரண்டாம் தடவை கேட்டேன்.

"வந்துட்டாங்கம்மா. வந்து வேலை பாத்துக்கிட்டிருக்காங்க. ரூமைப் பாத்தா அப்படித் தெரியணும். அதான் உன் வேலை."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "அவங்கள்லாம் பேப்பர்ல இருக்கறவங்கடி. வேற எங்கயோ வேலையில இருப்பாங்க. சர்டிபிகேட் மட்டும் இங்க இருக்கும். ஒனக்கென்ன, பெருக்குனமா வந்தமான்னு இரு" என்றாள்.

ஜூன் 3, செவ்வாய்

பெருக்கித் துடைத்தால் போதாது. துடைத்ததும் அறை புதிது போல ஆகிவிட்டது. சார் வாசலில் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"புழங்கின மாதிரி இல்லியேம்மா. கல்யாண மண்டபத்து ரூம் மாதிரில்ல இருக்கு. வீட்டுல ஒருத்தர் இப்பதான் எந்திரிச்சு வெளிய போனா அந்த எடம் எப்படி இருக்கும்? அப்படி இருக்கணும்."

அவர் போன பிறகு யோசித்தேன். நாற்காலிகளைச் சற்றே திருப்பி விட்டேன். பேனா மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். சாமான் போட்டுவைக்கும் கிட்டங்கியில் கிடந்த பழைய செருப்பு, குடை, சால்வை எல்லாவற்றையும் அறைக்கு ஒன்றாகப் போட்டேன். தினசரி காலண்டர்களை இன்றைய தேதி வரை கிழித்தேன். கேன்டீனிலிருந்து பதினொரு டம்ளர் டீ வருகிறது. ஒரு மடக்கு மிச்சம் வைத்து மீதியை ஊற்றிவிட வேண்டும். விளிம்பில் பாலாடை ஒட்டிக் காய்ந்ததும் யாரோ குடித்துவிட்டு வைத்தது போலவே ஆகிவிடுகிறது.

எல்லா அறையும் ஒரே மாதிரி இருந்தால் பொய் தெரிந்துவிடும். அதனால் ஆளுக்கு ஒரு பழக்கம் வைத்தேன். 203 கருணாகரன் சாருக்கு இடது கைப் பழக்கம், சர்க்கரை வியாதி. அவருக்கு மட்டும் சர்க்கரை இல்லாத டீ. 205 மேடம் ஜன்னல் பக்கம் திரும்பித்தான் உட்காருவார். 209 சார் எதையும் தூக்கிப்போட மாட்டார், பஸ் டிக்கெட்டைக்கூட.

சாயங்காலம் சார் வந்தார். 203 வாசலில் சட்டென்று நின்று, கதவைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டார். பிறகு கையை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "நல்லா செய்யறம்மா" என்றார். சிரிக்கவில்லை.

ஜூன் 4, புதன்

டம்ளர்களில் எறும்பு மொய்க்கிறது. 203இல் மட்டும் ஒன்றுகூட இல்லை.

ஜூன் 6, வெள்ளி

என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று வருகைப் பதிவேட்டையும் சார் என்னிடம் கொடுத்துவிட்டார். விரல் ரேகை மிஷின் பழுது, அதனால் கையெழுத்துதான். ஆறு பேர் அவர் போடுவார், ஐந்து பேர் நான். போன மாதப் பக்கத்தைப் பார்த்து அதே மாதிரி போட வேண்டும்.

எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் பெயர் கூப்பிடும்போது எல்லாரும் 'உள்ளேன் டீச்சர்' என்பார்கள். என் முறை வரும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். மூன்றாவது பெஞ்சில்தான் இருப்பேன். டீச்சர் நிமிராமல் ஆப்சென்ட் போட்டுவிடுவார். அப்படியே நாள் குறைந்து, பரீட்சை எழுத முடியாது என்றார்கள். அதன் பிறகு நான் போகவில்லை. இருந்த எனக்கு இல்லை என்று எழுதினார்கள். இங்கே இல்லாதவர்களுக்கு இருக்கிறார்கள் என்று நான் எழுதுகிறேன்.

ஐந்து பேரில் ஒருவர் 207, முனைவர் இரா. பொற்கொடி, கணிதம். அந்த அறையில் நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அது நிஜமாகவே புழங்கின அறை. நாற்காலியில் நீலக் கம்பளிச் சட்டை. இழுப்பறையில் சீப்பு, சீப்பில் முடி. சுவரில் பை மாட்டும் ஆணி, பை இல்லை. செவ்வாயன்று நான் கிழிக்காமல் விட்ட காலண்டர் மட்டும் மே 28இல் நின்றிருந்தது.

"அந்தம்மா நெசமான ஆளு" என்றார் சார். "வேற காலேஜ் போறேன், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் குடுங்கன்னு கேட்டுச்சு. நிர்வாகம், குழு வந்துட்டுப் போகட்டும்னுச்சு. கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு. எங்க போயிரும், சர்டிபிகேட் நம்மகிட்டல்ல இருக்கு. வந்துரும்."

ஒன்பது தாள்களைக் கிழித்து இன்றைய தேதிக்குக் கொண்டுவந்தேன். தாள்களைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. இழுப்பறையில் வைத்தேன்.

ஜூன் 9, திங்கள்

கேட்டில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. பொற்கொடி மேடத்தின் அப்பாவாம், பெயர் ராசகோபால். வாட்ச்மேன் ஆரோக்கியம் அண்ணன் அவருக்குத் தன் ஸ்டூலைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"மாப்ள பாத்துருக்கேன்னு சொன்னேன். வீட்டை விட்டுப் போறேன்னு கெளம்பிட்டா. காலேஜ் குவார்ட்டர்ஸ்ல இருந்துக்கறேன், யாரும் வந்துறாதீங்கன்னா. போனையும் அணைச்சு வெச்சுட்டா. இருக்காளா தம்பி?"

"இருக்காங்க ஐயா. ஆபீஸ்ல கேட்டேன், தெனம் வராங்களாம். வேலையா இருக்காங்க, பாக்க முடியாதுன்னுட்டாங்க" என்றார் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை. ஆபீசில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"சரி, கோவம். இதை மட்டும் குடுத்துருங்க." எலுமிச்சை ஊறுகாய் பாட்டில்.

அண்ணன் அதை என்னிடம் கொடுத்தார். நான் 207 மேசையில் வைத்தேன். அறை இன்னும் நன்றாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

நாளையிலிருந்து மூன்று நாள் பெரியம்மா ஊர்க் கோயிலில் காப்புக்கட்டு. அதனால் 12, 13, 14க்கும் சேர்த்து ஐந்து பேருக்கும் இன்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். சாரும் சனிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமையே போடுவார்.

ஜூன் 16, திங்கள்

ஊரில் நன்றாக இருந்தது. மூன்று நாளும் மழை.

207 டம்ளரில் போன புதன்கிழமை நான் வைத்த டீ காய்ந்து கிடந்தது. அதைக் கழுவும்போது கீழ் மாடி ஜெசிந்தா மேடம் எட்டிப் பார்த்தார். இவர் நிஜமான ஆசிரியர், போன வாரமே வேலைக்கு வந்துவிட்டார். "பொற்கொடி இல்லையா? வெள்ளிக்கிழமைகூட இந்தப் பக்கம் பாத்தேனே, கூப்பிட்டேன், திரும்பாமப் போயிட்டா" என்றார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வெள்ளிக்கிழமை இந்த மாடிச் சாவி என்னோடு பெரியம்மா ஊரில் இருந்தது.

மதியம் சார் டீ குடித்துக்கொண்டே சொன்னார், என்னிடம் இல்லை, அக்கவுன்டன்டிடம். வியாழக்கிழமை விழுப்புரம் பக்கத்து போலீஸ் ஸ்டேஷன் ஒன்றிலிருந்து போன் வந்ததாம். புதன்கிழமை ராத்திரி ரோட்டைக் கடக்கும்போது ஒரு பெண் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டாளாம். முப்பது வயது இருக்கும். கையில் நம் கல்லூரிப் பை. உங்கள் லேடி ஸ்டாஃப் யாராவது வராமல் இருக்கிறார்களா என்று கேட்டார்களாம்.

"என்ன சொன்னீங்க?"

"பதிவேட்டைப் பாத்தேன். எல்லாருக்கும் கையெழுத்து இருக்கு. ஒருத்தர் விடாம வந்திருக்காங்க சார்னுட்டேன். வேற என்ன சொல்றது? ஒருத்தர் இல்லேன்னா, பதிவேட்டை எடுத்துட்டு வாம்பான். குழு வர நேரத்துல. பையை எரநூறு பேருக்குக் குடுத்திருக்கோம், கேபிள்காரன்கூட வெச்சிருக்கான்."

அக்கவுன்டன்ட் சிரிக்கவில்லை. சாரும் மிச்ச டீயைக் குடிக்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி நான் கல்லூரியிலேயே இல்லை. பெரியம்மா ஊரில் இருந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

207ஐத் திறக்கவில்லை.

ஜூன் 18, புதன்

திறந்தேன். திறக்காவிட்டால் காலண்டர் பின்தங்கிவிடும்.

பெரியவர் மறுபடி வந்திருந்தார். தன் ஊர் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனாராம். அவர்கள் கல்லூரிக்குப் போன் செய்து கேட்டுவிட்டு, "உங்க பொண்ணு தெனம் வேலைக்கு வர்றாங்க பெரியவரே. படிச்ச பொண்ணு, மேஜர். கோவம் தணிஞ்சா வரும், போங்க" என்று அனுப்பிவிட்டார்களாம்.

ஆரோக்கியம் அண்ணன் என்னிடம் கேட்டார்: "ஏம் பாப்பா, மேடம் ஊறுகா சாப்பிட்டாங்களான்னு கேக்கறார்."

பாட்டிலில் கால்வாசி குறைந்திருந்தது. நான் ஒரே ஒரு துண்டுதான் எடுத்தேன். நேற்று முன்தினம். அதற்கு முன்னால் ஒரு நாள்.

தலையை ஆட்டினேன்.

ஜூன் 20, வெள்ளி

மூன்று மணியிலிருந்து மழை. இருட்டிக்கொண்டு வந்தது. அறைகளில் விளக்கைப் போட்டுவிட்டு மழை விடும்வரை 207இல் உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் நாற்காலி நன்றாக இருக்கும். குளிர் தாங்காமல் நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். எனக்குச் சரியாக இருந்தது.

ஜன்னல் வழியாக கேட் தெரியும். பெரியவர் குடையோடு நின்றிருந்தார். இந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளக்கும் நிழலும் தெரிந்திருக்கும், முகம் தெரியாது. மெதுவாகக் கையைத் தூக்கினார்.

நான் கையைத் தூக்கினேன்.

ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவர் கை காட்டினால் திருப்பிக் காட்டுவதுதானே.

ஜூன் 21, சனி

அண்ணன் சொன்னார், பெரியவர் அழுதுகொண்டே சிரித்தாராம். "இருக்கா தம்பி, எம் பொண்ணு இருக்கா, கை காட்டிட்டா" என்று பஸ் ஏறினாராம். விழுப்புரம் பக்கமெல்லாம் சொந்தக்காரர்களைத் தேடச் சொல்லலாம் என்று இருந்தாராம், இனி வேண்டாம் என்றுவிட்டாராம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயிலாக இருக்கும்.

ஜூன் 23, திங்கள்

பெரியவர் இரண்டாவது பாட்டில் கொண்டுவந்தார், பழைய பாட்டிலைக் கேட்டார். அது காலியாகிவிட்டிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, அண்ணனிடம் கொடுத்தேன்.

மாடியிலிருந்து பார்த்தேன். பெரியவர் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு அதைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"கழுவிக் குடுத்துருக்கா பாருங்க. வீட்டுல ஒரு டம்ளர் கழுவ மாட்டா" என்றாராம்.

ஜூன் 24, செவ்வாய்

கேன்டீன் மாஸ்டர் நேற்று 207 மேடமே கீழே வந்து டம்ளரை வைத்துவிட்டுப் போனார் என்கிறார். ஜெசிந்தா மேடம் லைப்ரரியில் பார்த்தேன் என்கிறார். யாரைக் கேட்டாலும் பார்த்தேன் என்கிறார்கள். முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்க எனக்குக் குரல் வரவில்லை.

இன்று 207 டம்ளரில் நான் வைத்த ஒரு மடக்கும் இல்லை. ஆவியாகியிருக்கும்.

ஜூன் 25, புதன்

சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். விழாவுக்குப் பத்துப் பேரை வேனில் கூட்டிவருகிறார்களாம், அறைக்கு ஒருவராக. 207க்கு மட்டும் ஆள் அமையவில்லை.

"நீ நில்லும்மா. பொடவை கட்டி, கொண்டை போட்டு, கண்ணாடி மாட்டினா பத்து வயசு கூடத் தெரியும். ஒண்ணும் பேச வேண்டாம். ஒரு வார்த்தைதான்."

அந்த ஒரு வார்த்தை என்னவென்றும் சொன்னார். கல்லூரியை ஆரம்பித்த ஐயா முதலில் பள்ளிக்கூடம் நடத்தியவர். அவர் வைத்த வழக்கம், வரவேற்பு நாளில் முதல்வர் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிடுவார். எவ்வளவு பெரிய பேராசிரியரும் பிள்ளைகள் மாதிரி எழுந்து 'உள்ளேன் ஐயா' என்று சொல்லிவிட்டு, சந்தனமும் கற்கண்டும் ரோஜாவும் புதுப் பையும் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாரும் சிரிப்பார்களாம். நல்ல வழக்கம்தான்.

"எனக்கு வராது சார்" என்றேன்.

"என்ன வராது?"

"அந்த வார்த்தை."

அவர் பதிவேட்டை மூடி வைத்தார். "எனக்கும் ராத்திரி தூக்கம் வரலைம்மா. முப்பதாம் தேதி போயிருச்சுன்னா எல்லாம் சரியாயிரும்" என்றார்.

ஜூன் 26, வியாழன்

மதியத்தோடு கிளம்பி அம்மாவும் நானும் டவுனுக்குப் போனோம், ரவிக்கை தைக்க. கூட்டம். திரும்பி வர ஏழாகிவிட்டது. 207ஐப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

அம்மாவிடம் சொன்னேன். போன் வந்தது, பை, கை காட்டினது, ஊறுகாய் எல்லாம். மூன்று நாள் கையெழுத்தைச் சொல்லவில்லை.

அம்மா காலுக்கு எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தினாள். "அது அந்தப் பொண்ணாத்தான் இருக்கும்னு யாரு கண்டா? நீ போய் எதையாச்சும் சொல்லி, போலீஸு அது இதுன்னு நம்ம வாசல்ல நிக்கவா? வாயத் தொறக்காத. அது ஒண்ணுதான் ஒனக்கு நல்லா வருமே."

பிறகு ராத்திரி சோறு போடும்போது, "அந்தாளு எத்தன தடவ வந்தாரு?" என்று கேட்டாள்.

"நாலு தடவ."

ஜூன் 29, ஞாயிறு

அலங்காரத்துக்காக இன்றும் வரச் சொன்னார்கள். தோரணம், வாழை, 'மீண்டும் வருக' என்று பெரிய பேனர். வேலை முடிந்ததும் 207ஐச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். உள்ளேன் ஐயா. காற்றுதான் வந்தது. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சொன்னேன்.

இந்தத் தடவை சத்தமாக, தெளிவாக வந்தது. கணக்குப் பாடம் நடத்துகிறவர் குரல் மாதிரி. ஜன்னல் கண்ணாடிகூட அதிர்ந்தது.

அது என் குரல் இல்லை.

ஜூன் 30, திங்கள்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் வேனில் பத்துப் பேர் வந்தார்கள். புதுச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அவரவர் அறையில் உட்காரவைத்தேன். 203இல் உட்கார்ந்தவர் குண்டாக, கலகலப்பாக இருந்தார். வலது கையால் டீயை வாங்கி, "இன்னும் ரெண்டு ஸ்பூன் சக்கரை போடும்மா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கருணாகரன் சார் அப்படிக் கேட்க மாட்டார்.

பதினோரு மணிக்கு விழா. குழுவில் மூன்று பேர், முன் வரிசையில். நான் பச்சைப் புடவை, கண்ணாடி, கொண்டை, நடு வரிசையில் ஓரமாக. கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தபோது ராசகோபால் ஐயா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆரோக்கியம் அண்ணன். விழா நாளாயிற்றே, தூரத்திலிருந்தாவது மகளைப் பார்க்கட்டும் என்று அண்ணனே கூட்டிவந்து உட்காரவைத்திருக்கிறார். ஐயா சலவை வேட்டி கட்டியிருந்தார். மடியில் மஞ்சள் பை.

முதல்வர் பதிவேட்டைத் திறந்தார். ஒவ்வொருவராக எழுந்து 'உள்ளேன் ஐயா' என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். குழுவும் சிரித்தது. 203காரர் ராகம் போட்டுச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்.

"முனைவர் இரா. பொற்கொடி."

எழுந்தேன். கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். ஐயாவும் எழுந்துவிட்டார், தெரிந்தது. முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார். என் முதுகும் கொண்டையும்தான் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அவர் இன்றைக்கும் சந்தோஷமாக பஸ் ஏறுவார். அடுத்த வாரம் ஊறுகாய் கொண்டுவருவார். அதற்கடுத்த வாரமும். நான் பாட்டிலைக் கழுவிக் கொடுத்துக்கொண்டே இருப்பேன்.

முதல்வர் நிமிராமல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், எங்கள் டீச்சர் மாதிரியே. வகுப்பில் ஒரு பெண் வராவிட்டால் பக்கத்தில் இருக்கிறவள்தான் எழுந்து சொல்லுவாள். எனக்காக யாரும் எழுந்ததில்லை.

"வரலைங்க ஐயா" என்றேன்.

முதல்வர் நிமிர்ந்தார். "என்னம்மா?"

"பொற்கொடி மேடம் வரலைங்க. இந்த மாசம் ஒரு நாள்கூட வரலைங்க. கையெழுத்து நான் போட்டது."

சத்தம் கடைசி வரிசை வரை போயிருக்கிறது. இது என் குரல்தான். நடுங்கியது.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. குழுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். ஐயா நடு வழியில் மெதுவாக நடந்துவந்தார். பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நீ யாரும்மா?"

"மாடியில கூட்டற வேலைங்க."

"அன்னைக்கு மழையில கை காட்டினது?"

"நாந்தாங்க."

"ஊறுகா?"

"நாந்தாங்க."

"பாட்டிலு?"

அதற்கும் சொன்னேன். அவர் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. "அப்ப எம் பொண்ணு எங்கம்மா?" என்றார், வழி கேட்கிற மாதிரி.

நான் நல்லதம்பி சாரைப் பார்த்தேன். அவர் மேடை ஓரத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் நானே சொன்னேன். விழுப்புரம், போன், பை, பதிவேடு. பன்னிரண்டாம் தேதி கையெழுத்து இருந்ததால்தான் எல்லாரும் வந்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அந்தக் கையெழுத்தைப் பதினொன்றாம் தேதியே நான் போட்டேன். இந்த டைரியில் 16ஆம் தேதி நான் எழுதியது சரியில்லை. நான் பெரியம்மா ஊரில் இருந்தேன், ஆனால் என் கையெழுத்து இங்கே இருந்தது.

ஆரோக்கியம் அண்ணன் ஐயாவைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனார். மேசையில் ரோஜாக்கள் அப்படியே இருந்தன.

ஜூலை 1, செவ்வாய்

வேலைக்கு வர வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். அம்மா எனக்கு முதலில் சோறு போட்டாள்.

ஜூலை 3, வியாழன்

அண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னார். அவரும் ஐயாவோடு போயிருந்தார். போலீஸ் போட்டோ காட்டியிருக்கிறார்கள். பொற்கொடி மேடம்தான். திருச்சியில் தோழி வீட்டில் தங்கி, வேறு கல்லூரியில் நேர்முகத் தேர்வுக்குப் போய்த் திரும்பும்போது நடந்திருக்கிறது. போன் நொறுங்கிவிட்டது. பையில் இருந்த காகிதம் மழையில் ஊறிப் படிக்க முடியாமல் போயிருக்கிறது. பையில் அச்சடித்திருந்த கல்லூரிப் பெயர் ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைத்த துப்பு.

இரண்டு வாரம் வைத்திருந்து பார்த்திருக்கிறார்கள். யாரும் வரவில்லை. 26ஆம் தேதி சாயங்காலம் அடக்கம் செய்துவிட்டார்கள். இடத்தில் ஒரு எண் நட்டிருக்கிறதாம்.

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா மொகத்தையாச்சும் பாத்திருப்பார்" என்றார் அண்ணன். பிறகு, "ஒன்னைச் சொல்லல பாப்பா" என்றார்.

என்னைத்தான்.

ஜூலை 7, திங்கள்

கல்லூரியிலிருந்து அண்ணன் கூப்பிட்டு அனுப்பினார். ஐயா மகளுடைய சாமான்களை எடுத்துப்போக வந்திருக்கிறார், எது எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும் என்று. போலீஸ்காரர் ஒருவர் 207ஐத் திறந்துவிட்டு வெளியே நின்றார்.

எது மேடத்தின் பொருள், எது நான் வைத்தது என்று பிரித்துச் சொன்னேன். கம்பளிச் சட்டை அவருடையது. சீப்பு அவருடையது. டம்ளர் நான் வைத்தது. இரண்டாவது பாட்டில் ஊறுகாய் அப்படியே இருந்தது. இழுப்பறையில் நான் தினமும் கிழித்துச் சேர்த்துவைத்த காலண்டர் தாள்கள். ஐயா அவற்றைப் புரட்டி, ஜூன் 11 தாளை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

கீழே வந்தோம். கேட்டுக்குப் பக்கத்தில், எப்போதும் நிற்கிற இடத்தில் அவர் நின்றுவிட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு" என்றார். "ரெண்டு தடவ கை காட்டினியே. மழை நாள்ல ஒருக்கா. அப்பறம் போன மாசம் இருபத்தாறாம் தேதி, வெளக்கு வெக்கிற நேரத்துக்கு ஒருக்கா. அன்னைக்கு மழை இல்ல, வெளக்கும் போடல. நான் கையத் தூக்கறதுக்கு முன்னாடியே கை காட்டுனா. ரெண்டுமே நீதான?"

இருபத்தாறாம் தேதி அந்த நேரத்தில் நான் டவுனில், தையல்காரர் கடையில், கையை அகட்டிக்கொண்டு அளவு கொடுத்து நின்றிருந்தேன். சாவி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இனி அவரிடம் இல்லாததை இருப்பதாகச் சொல்ல என்னால் முடியாது.

"ஒரு தடவதாங்க ஐயா" என்றேன். "மழை நாள்ல மட்டும்."

அவர் இரண்டாவது மாடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்து ஹாரன் அடித்தது, போய்விட்டது. பிறகு அவர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கையை இறக்க நேரமாயிற்று.